கடலுக்கு அடிக்காத வருடம்

எங்கள் மைதானத்துக்கு வடக்குப் பக்கம் கடல். மற்ற ஊர்களில் எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஒரு வேலி இருக்கும், அல்லது வெறும் வெளி இருக்கும். ஊர்காவற்றுறையில் நாலு எட்டு வைத்தால் கால் நனைந்துவிடும். சோளகக் காற்று தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். தெற்கிலிருந்து வருகிற காற்று, கொஞ்சம் உயர எழும்பிய பந்தையெல்லாம் அள்ளிக் கடலில் போட்டுவிடும். பிறகு அது காரைநகரைப் பார்த்து மிதந்து போகும். எங்கள் கழகத்துக்கு இருந்தது ஒரேயொரு பந்து. ஆகையால் ஆட்டம் நடக்கிற நேரமெல்லாம் பந்தை எடுத்துவர ஒரு தோணி கரையில் ஆயத்தமாக நிற்கும். அந்தத் தோணி என்னுடையது.

துறைமுகத்தில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றி இறக்குவதுதான் என் தொழில். அதற்குத் துணைக்கு ஓர் ஆளும் பாயும் உள்ள பெரிய தோணி இருந்தது. பந்தெடுக்கப் போவது கம்பு ஊன்றித் தள்ளுகிற சின்னத் தோணியில். அதற்கு ஒருவரும் எனக்குச் சம்பளம் தந்ததில்லை, நான் கேட்டதுமில்லை. ஆட்டம் நடக்கும்போது என்னைப் போல் வசதியாக உட்கார்ந்திருந்தவன் ஊரில் வேறு ஆர்?

இரண்டாவது பந்து ஒன்று வாங்கலாமே என்ற யோசனை எங்கள் ஊரில் ஒருவருக்கும் வந்ததில்லை. வந்திருந்தாலும் வாயைத் திறந்து சொல்லியிருக்கமாட்டோம். ஏனென்றால் அந்த ஒற்றைப் பந்தை வைத்துத்தான் நாங்கள் வருடக்கணக்காக வென்றுகொண்டிருந்தோம். வெளியூர் அணிகள் எல்லாம் கடல் வழியாக வருகிறவை. இருட்ட முன்னர் அவர்கள் தோணி ஏறியாக வேண்டும். சூரியன் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. நாங்கள் ஒரு கோல் போட்டுவிட்டோமென்றால், அதன் பிறகு எங்கள் பொடியள் எதிரணியின் கோல் பக்கம் போகவே மாட்டார்கள். கிடைத்த பந்தையெல்லாம் கடலுக்கு அடிப்பார்கள். மிச்சம் என் கையில்.

மெதுவாகப் போவது சோம்பேறியால் ஆகிற காரியமல்ல. சோம்பேறி நின்றுவிடுவான். நான் நிற்கக்கூடாது, மத்தியஸ்தர் விசில் ஊதுவார். வேர்த்து விறுவிறுத்து, முதுகை வளைத்து, பல்லைக் கடித்துக் கம்பை ஊன்ற வேண்டும். ஆனால் தோணி போகக்கூடாது. பந்துக்குக் கிட்டப் போனதும் தோணி மூக்கு அதில் லேசாகப் பட வேண்டும். பட்டால் அது இன்னும் தூரம் போகும். நடுவில் ஒரு தரம் தோணிக்குள் வந்த தண்ணீரைப் பனையோலைப் பட்டையால் இறைத்து ஊற்ற வேண்டும். கரையில் நிற்கிற எங்கள் சனம் கைதட்டிச் சிரிக்கும். எதிரணிக்காரர் வாயில் வந்தபடி திட்டுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, கோல் போட்டவனுக்கு விழுந்த கைதட்டலைவிட எனக்கு விழுந்தது அதிகம்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்னர், எங்கள் பழைய மனேச்சர், ஒரு புடவைக்கடைக்காரர், மகனோடு இருக்க மலாயாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவரைப் பிடித்தார்கள். சுங்கக் கந்தோருக்கு மாற்றலாகி வந்த கிளாக்கர். வலிகாமப் பக்கத்து ஆள். ஐம்பது வயதிருக்கும். மனைவி தவறிவிட்டா, பிள்ளையில்லை. கொழும்பில் கந்தோர் அணிக்கு விளையாடி முழங்காலை உடைத்துக்கொண்டவர். இடது கால் மடங்காது. வெள்ளைக் காற்சட்டையும் மினுக்கின சப்பாத்துமாக அவர் மணலில் காலை இழுத்து இழுத்து நடந்து வந்ததைப் பார்த்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. சப்பாத்துத்தான் காரணமாக இருக்க வேண்டும்.

முதலாவது ஆட்டம் எங்கள் மைதானத்தில். நாங்கள் ஒரு கோல் போட்டோம். வழக்கம்போலப் பந்து கடலுக்குப் போனது. வழக்கம்போல நான் போய் வந்தேன். இடைவேளையில் மனேச்சர் தோணியடிக்கு வந்தார்.

"தம்பி, நீர் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறீர்?"

"நீரோட்டம் ஐயா," என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். கடற்புல், ஒரு காய்ந்த சாதாளை, அசையாமல் மிதந்துகொண்டிருந்தது.

"இனிமேல் கெதியா எடுத்துத் தாரும்," என்றார். பிறகு விளையாட்டுக்காரரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இண்டைக்குப் பிறகு எங்கட ஆக்கள் ஆரும் கடலுக்கு அடிக்கப்படாது. வேணுமெண்டு அடிக்கிறவன் அடுத்த ஆட்டத்துக்கு வெளியில."

என்ன கோதாரி பிடித்த கதை இது! கடலுக்கு அடிக்காமல் எங்களுக்கு வேறு என்ன விளையாடத் தெரியும்? அன்றைக்குப் பின்பாதியில் பொடியளுக்குக் கால் எங்கே போகிறது, பந்து எங்கே போகிறது என்று தெரியவில்லை. இரண்டு கோல் வாங்கித் தோற்றோம்.

மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. கழகத்தின் உண்மையான கந்தோர் அதுதான் என்று சொல்ல வேண்டும். கடைக்கார அண்ணை, ஒரு தையற்காரன், நான், இந்த மூன்று பேருந்தான் அங்கே அன்றாடம் தீர்ப்புச் சொல்கிறவர்கள். கடைக்கார அண்ணை நிதானமான மனுசன். தையற்காரனுக்கு ஊசியைவிட வாய் கூர்.

"உந்தாள் எங்களைத் திருத்த வந்தவராம்," என்றான் தையற்காரன். "ஆர் கேட்டது? நாங்கள் என்ன பழுதாப்போய்க் கிடந்தனாங்களே?"

"பொறு, பாப்பம். ஒரு ஆட்டந்தானே," என்றார் அண்ணை.

"பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? கால் ஏலாத மனிசன் கால்ப்பந்து பழக்க வந்திருக்கு," என்றேன் நான். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வாய் அப்படி.

தடை போட்டால் மட்டும் பந்து கடலுக்குப் போகாமல் நிற்குமா? காற்று இருக்கிறதே. அதற்கும் மனேச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். கரையோரமாகத் தென்னோலைக் கிடுகு வேலி. பொடியளை வைத்து நெடுகக் கதிகால் ஊன்றி, இறுக்கமாகக் கிடுகு கட்டுவித்தார். சோளகத்துக்கு எதிரே கிடுகை இறுக்கிக் கட்டுகிறவர் தீவுப் பக்கத்தில் பிறந்தவராக இருக்கமாட்டார். எங்களில் எவரும் அதை அவருக்குச் சொல்லவில்லை. நான் தோணியில் இருந்தபடி சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலை வேலி முழுதாகக் கடலில் கிடந்தது, கதிகாலும் கயிறுமாக. எடுத்து வரச்சொல்லி என்னிடந்தான் வந்தார். அந்த வேலையை நான் எவ்வளவு ஆறுதலாகச் செய்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மனுசனுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. வேலி போனதென்றால் பந்தை உயர எழும்பவிடக்கூடாது என்று புதிதாக ஒன்று தொடங்கினார். தினமும் கந்தோர் விட்டதும் பொடியளை மைதானத்துக்குக் கூப்பிடுவார். ஒரு கயிற்றை இடுப்பு உயரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டி, கயிற்றுக்குக் கீழாலேயே பந்தைக் கொடுத்து வாங்கப் பழக்கினார். கயிற்றுக்கு மேலால் அடிக்கிறவன் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். ஆள் முன்னுக்கு ஓட, பந்து அவன் காலடிக்குப் போக வேண்டும். துறையில் நின்று பார்த்தால் பொடியள் பந்து விளையாடுகிற மாதிரி இல்லை, பட்டிக்கு மாடு சாய்க்கிற மாதிரி இருந்தது.

அடுத்த இரண்டு ஆட்டமும் எங்கள் மைதானத்தில் நடந்தன. ஒன்று தோல்வி, மற்றது சமம். பழைய மனேச்சர் காலத்தில் எங்கள் மண்ணில் தோல்வி என்றால் என்னவென்றே தெரியாது. தேத்தண்ணிக் கடையில் அன்றைக்குத் தையற்காரன் மேசையில் அடித்துச் சொன்னான், வருடக் கூட்டத்தில் இந்த மனுசனைக் கலைத்துவிட வேண்டுமென்று. எங்கள் கழகத்தில் மனேச்சரை வைப்பதும் விடுவதும் வருடக் கூட்டத்தில் கையுயர்த்தித்தான் முடிவாகும்.

"ஆர் முதல்ல கை தூக்கிறது? எல்லாருக்கும் சுங்கக் கந்தோரில அலுவல் கிடக்கு," என்றார் கடைக்கார அண்ணை.

"எனக்கு ஒரு அலுவலும் இல்லை," என்றேன். "முதல் கை என்ர கை."

அதன் பிறகு அக்கரைக்கு ஏறின ஆட்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். சந்தைக்குப் போகிற பெண்களுக்குக்கூடச் சொன்னேன். முதல் கை என்னுடையது என்று தீவு முழுக்கத் தெரியும்.

பிறகு வெளியூர் ஆட்டங்கள் வந்தன. அணியைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது என் பெரிய தோணி. வெளியூரில் நாங்கள் வென்ற சரித்திரமில்லை. எப்படி இருக்கும்? கடல் எங்களோடு கூட வருமா? போகிற இடமெல்லாம் பார்க்க நிற்கிற சனம், "டேய், கடல் எங்கையடா? கொண்டு வரேல்லையே?" என்று கத்தும். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு போய், தோற்று, தலையைக் குனிந்துகொண்டு வருவோம்.

அந்த வருடம் முதலாவது வெளியூர் ஆட்டத்தில் எங்கள் பொடியள் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, கயிற்றுக்குக் கீழால் விடுகிற மாதிரி இவனிடம் அவன், அவனிடம் இவன் என்று கொண்டுபோய் மூன்று கோல் போட்டார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கடலைப் பற்றி ஒருவரும் மூச்சுக்காட்டவில்லை. ஆட்டம் முடிய, அந்த ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "உங்கட பொடியள் நல்லாத்தான் விளையாடுறாங்கள்," என்று சொல்லி ஒரு செவ்விளநீரை வெட்டித் தந்தார். தொண்டைக்குள் அது இறங்கின மாதிரியை இப்போதும் சொல்ல முடியும். சந்தோசமாக இருந்தது. மனேச்சருக்குத் தெரியக்கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தையற்காரனுக்கு இதெல்லாம் கணக்கில்லை. "வெளியில வெண்டா ஆர் கண்டது? எங்கட சனத்துக்கு முன்னால வெல்லட்டும் பாப்பம்," என்றான். அதிலும் நியாயம் இருந்தது. தோணியில் வந்த பன்னிரண்டு பதின்மூன்று பேர் கண்டதை ஊர் முழுக்க எப்படி நம்பும்? வெளியில் இன்னொரு ஆட்டமும் வென்றோம். கடையில் தீர்ப்பு மாறவில்லை. கடைசி ஆட்டம் எங்கள் மண்ணில். அதில் வெல்லாவிட்டால் ஆளை விடுவது என்று முடிவாகிவிட்டது.

அந்தக் கடைசி ஆட்டத்துக்குப் பட்டணத்து அணி ஒன்றைக் கூட்டிவர மனேச்சர் ஆசைப்பட்டார். யாழ்ப்பாணத்திலேயே நல்ல அணி. எங்கள் மைதானத்துக்கு வந்து ஒரு தரம் பட்டுக்கொண்டு போனவர்கள், அதற்குப் பிறகு எங்கள் திசைக்கே வந்ததில்லை. அவர்களைக் கேட்க என் தோணியில்தான் போனார். நானும் கூடப் போய் நின்றேன்.

அவர்களுடைய கப்டன் சிரித்தான். "கடலோட விளையாட நாங்கள் வரேல்லை ஐயா. உங்கட தோணிக்காரன் பந்து எடுக்கப் போனா பொழுதுபட்டிடும்."

"இனி அப்பிடி இல்லை," என்றார் மனேச்சர். "எங்கட ஆக்கள் கடலுக்கு அடிக்க மாட்டினம். தவறிப் போனாலும் பந்து போன கையோட திரும்பி வரும். அதுக்கு நான் வாக்கு."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. என் தோணி, என் கம்பு, என் கை. என்னை ஒரு வார்த்தை கேளாமல் அதற்கு வாக்குக் கொடுக்க இவர் யார்? திரும்பி வருகிற வழியில் கேட்டேவிட்டேன்.

"ஐயா, என்னைக் கேட்டனீங்களே?"

"கேட்டா நீர் ஏலாது எண்டுவீர். அதுதான் கேக்கேல்லை."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். பிறகு அவர் தானாகச் சொன்னார்: "தம்பி, கூட்டத்தில என்னை விடப்போறியளாம் எண்டு தெரியும். முதல் கை உம்முடையது எண்டும் கேள்விப்பட்டனான். அது உங்கட உரிமை. ஆனா எனக்கு இஞ்ச கந்தோர் விட்டா வேற ஒண்டுமில்லை. அறைக்குப் போனா சுவரைப் பாக்க வேணும். உந்தப் பொடியளோட நிக்கிற அந்தப் பின்னேரம் மட்டுந்தான் எனக்குக் கிடக்கு."

பாயைச் சரிப்படுத்துகிற மாதிரிப் பாவனை செய்தேன்.

பட்டணத்து அணி வந்தது. ஊரே திரண்டு வந்து நின்றது. வேலணையிலிருந்து, சரவணையிலிருந்தெல்லாம் சனம். காற்று அன்றைக்கு விட்டுக்கொடுக்கவில்லை, மணலை வாரி அடித்தது. எங்கள் பொடியள் பந்தைத் தரையிலேயே வைத்து விளையாடினார்கள். பட்டணத்தார் சப்பாத்தோடு ஓடினார்கள், உயர அடித்தார்கள், காற்று அவர்களுடைய பந்தைத் திருப்பித் திருப்பி விட்டது. பின்பாதியில் எங்கள் கப்டன் ஒரு கோல் போட்டான். சனம் எழுப்பின சத்தத்தில் துறையில் நின்ற காகமெல்லாம் எழும்பிப் பறந்தன. தையற்காரன்கூடத் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுழற்றினான். இந்த ஒரு கோல் நிற்கட்டும், மனேச்சர் தப்பிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, அவர் தப்ப வேண்டுமென்று நான் விரும்புகிறேன் என்று.

சூரியன் சரிந்துவிட்டது. பட்டணத்தார் எங்கள் கோல் வாசலில் வந்து விழுந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பின்னாட்டக்காரன் ஒருவன், பயந்துபோன பொடியன், பந்து காலில் பட்டதுதான் தாமதம், கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு அடி அடித்தான். பழைய பழக்கம். பந்து காற்றில் ஏறி, கடலில் நல்ல தூரத்தில் போய் விழுந்தது.

சனத்துக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. "அண்ணை, மெல்ல! ஆறுதலா! தண்ணி இறை அண்ணை!" என்று கரை முழுக்க ஒரே குரல். எல்லாருடைய கண்ணும் என்மேல். நான் கம்பைக் கையில் எடுத்தேன். ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம் நான் இழுத்தடித்தால் போதும். பொழுது பட்டுவிடும், நாங்கள் வென்றுவிடுவோம், மனேச்சரை ஒருவரும் அசைக்க முடியாது. அவருடைய வாக்கு ஒன்றுதான் போகும்.

அப்போது தண்ணீருக்குள் யாரோ இறங்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மனேச்சர். மினுக்கின சப்பாத்தோடு, வெள்ளைக் காற்சட்டையோடு, மடங்காத காலை இழுத்துக்கொண்டு பந்தை நோக்கிக் கடலுக்குள் போகிறார். என்னைக் கூப்பிடவில்லை, என் பக்கம் பார்க்கவுமில்லை. இடுப்பளவு தண்ணீர். பந்தோ அவரைவிட வேகமாக விலகிப் போய்க்கொண்டிருந்தது.

விசர் மனுசன்! "ஐயா, கரைக்குப் போங்கோ!" என்று கத்திக்கொண்டு கம்பை ஊன்றினேன். என் வாழ்நாளில் அப்படி ஊன்றியதில்லை. தோணி அம்பாகப் போனது. பந்தை ஒரே பிடியில் தூக்கி, வந்த வேகத்திலேயே கரைக்குத் திரும்பி மைதானத்துக்குள் எறிந்தேன். கரையில் சத்தம் அப்படியே நின்றுபோனது.

அதற்குப் பிறகு நடந்தது நடந்ததுதான். பட்டணத்தார் பந்தை எறிந்தார்கள், இரண்டு பேர் தட்டினார்கள், மூன்றாவது ஆள் கோல் போட்டான். விசில். ஒன்றுக்கு ஒன்று. எங்கள் சனம் எனக்குச் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. யாரோ ஒருவன் தோணிக்குள் மணலை அள்ளி எறிந்தான். பட்டணத்துக் கப்டன் மட்டும் போகிற வழியில் நனைந்த மனேச்சரின் கையைப் பிடித்து, "அடுத்த வருசமும் வருவம் ஐயா," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் வருடக் கூட்டம். தையற்காரன்தான் எழுந்தான். "வெண்ட ஆட்டத்தைக் கையால தூக்கிக் குடுத்திட்டம். வாக்குக் குடுத்த மனேச்சர் எங்களுக்கு வேண்டாம்," என்றான். கடைக்கார அண்ணை, வெளியூரில் வென்ற இரண்டு ஆட்டத்தையும் சொன்னார். சத்தம் கூடியது. யாரோ பின்னாலிருந்து கத்தினான்: "மனேச்சர் என்ன செய்தவர்? மனிசன் தண்ணிக்கை நிண்டவர். பந்தைக் கெதியா எடுத்துக் குடுத்தது ஆர்? தோணிக்காரன்!"

"ஓம், அதுதானே!" என்று வேறு சிலர். மண்டபத்தின் கோபம் முழுக்கத் திரும்பி என் பக்கம் வந்தது. மனேச்சர் பின்வரிசை வாங்கிலிருந்து எழுந்து, "அந்தத் தம்பியை விடுங்கோ, நான் சொல்லித்தான் அவர் செய்தவர்," என்று தொடங்கினார். போச்சுது, இந்த மனுசன் தன் தலையில் தானே மண்ணைப் போடப்போகிறார் என்று எனக்குப் பதைத்தது. கழகத் தலைவர் கை காட்டி அவரை இருத்தினார். பிரச்சினையை விரைவாக முடித்துக்கொண்டு சாப்பிடப் போக வேண்டுமென்ற அவசரம் அவருக்கு.

"அப்ப குற்றம் தோணியிலதான், மனேச்சரில இல்லை எண்டிறவை கையை உயர்த்துங்கோ. தோணியை மாத்திப்போட்டு மனேச்சரை வைச்சிருப்பம்."

ஒருவரும் அசையவில்லை. ஆளை ஆள் பார்த்தார்கள். எனக்கு விளங்கியது. விடிந்தால் எல்லாருக்கும் அக்கரைக்குப் போக வேண்டும். தோணிக்காரனைப் பகைக்க யாருக்குத் துணிவு வரும்? இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால் மனேச்சரை விடுவதற்குக் கை உயர்த்தச் சொல்லித் தையற்காரன் கேட்பான்.

வருடம் முழுக்கத் தீவெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். சொன்னபடி முதல் கை என்னுடையதாகத்தான் இருந்தது. நன்றாக உயர்த்தி, எல்லாரும் காணப் பிடித்தேன்.

என் கையைக் கண்டதும் மற்றக் கைகள் எழும்பின வேகத்தைப் பார்க்க வேண்டுமே, அறுவார்! தையற்காரனின் கைகூட எழும்பியது. தலைவர் மண்டபத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். எழும்பாமல் கிடந்தது ஒருவருடைய கைதான். பின்வரிசை வாங்கில் இருந்த சுங்கக் கந்தோர்க் கிளாக்கர் இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் அழுத்திக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.